எதிர்க்கடைக்காரரோடு ஆற்றங்கரையில்

பிப்ரவரி 9, ஞாயிறு

முழங்கால் பரவாயில்லை. இரும்புப் பாலத்தடியில் இறங்கி, தண்ணீர் ஏற்றும் நிலையம் வரை போய்த் திரும்பினோம். ஒன்றே முக்கால் மணி நேரம். நன்றாக நடக்கிறவன் நாற்பது நிமிஷத்தில் முடித்துவிடுவான். நாங்கள் நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். தூண்டில் போடுகிறவன் கூடையை எட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிற்றல், காபி வண்டியில் ஒரு நிற்றல், அவர் மூச்சு வாங்குவதை மறைக்க ஏதாவது சொல்லிக்கொண்டு ஒரு நிற்றல்.

எதிர்க்கடைக்காரருக்கு நான் முப்பத்தெட்டு வருஷமாக எதிர்க்கடை. எனக்கு அவர் எதிர்க்கடை. இரண்டு பேருமே தார்ப்பாய், கயிறு. நடுவில் இருபதடித் தெரு. வாரத்தில் ஆறு நாள் ஒருத்தர் வாடிக்கையை ஒருத்தர் இழுப்பது, ஏழாம் நாள் சேர்ந்து நடப்பது. இரண்டு வருஷம் முன்பு ஒரே டாக்டர் இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் ‘நடங்க’ என்று சொல்லித் தொலைத்தார். முதல் ஞாயிறே கரையில் எதிரும் புதிருமாக வந்து நின்றோம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சுவர், ஒதுங்க இடமில்லை. அதிலிருந்து இப்படி. ஒரே ஒரு நிபந்தனை, கடைப் பேச்சு கூடாது. இரண்டு பேருமே மீறுவோம். நேராக மீறமாட்டோம், அவ்வளவுதான்.

படகுத்துறையில் வழக்கமான விளையாட்டு. கட்டிப்போட்ட படகின் மேல் நீலப் பாய் என்றால் என் சரக்கு, பச்சை என்றால் அவர் சரக்கு. இன்று நீலம் பதினொன்று, பச்சை ஒன்பது. அவர் ஒரு நீலத்தைக் காட்டி, “நம்ம சரக்கு எப்படி நிக்குது பாரு! மூணு வருஷம் வெயில்ல கெடந்திருக்கு, ஒரு கீறல் இருக்கா?” என்றார்.

“அது நீலம்யா.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

தோற்றால் ஒத்துக்கொள்கிற ஜாதியா அவர்.

பிப்ரவரி 12, புதன்

எதிர்க்கடைக்கு லாரி வந்தது. முழு லோடு, பாய்க் கட்டு. பிப்ரவரியிலா? மழைக்கு நாலு மாதம் இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

இரண்டாவது லாரி. நேற்று ஒன்றே முக்கால் மணி நேரம் கூடவே நடந்தார், இதைப் பற்றி ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. இருக்கட்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

மூன்றாவது லாரி! அவருடைய கிடங்கில் இடமில்லாமல் கட்டுகளைப் படிக்கட்டில் அடுக்கியிருக்கிறார்கள். மனுஷனுக்கு ஏதோ துப்பு கிடைத்திருக்கிறது. பெரிய கம்பெனி ஆர்டரா? இந்த வருஷம் வெள்ளம் என்று யாராவது சொன்னார்களா? எனக்கு யாரும் ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 23, ஞாயிறு

வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். காபி வண்டியில் நின்றபோது, வானத்தைப் பார்த்து, “இந்த வருஷம் மழ முந்திக்குமோ?” என்றேன்.

“மழயா? தெரியலயே.”

“இல்ல, சிலபேரு இப்பவே சரக்கு எடுக்குறாங்களாம்.”

“யாரு?”

“யாரோ. படிக்கட்டு வரைக்கும் அடுக்கியிருக்காங்களாம்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பச்சைக் குழந்தை மாதிரி. கண்ணில் ஒரு கள்ளம் இல்லை, ஒரு துடிப்பு இல்லை. “பைத்தியக்காரப் பயலுக” என்றார், காபியை ஊதிக்கொண்டே.

நடிகன்! முப்பத்தெட்டு வருஷமாக அவர் முகத்தைப் படிக்கிறேன். பொய் சொன்னால் இடது காதைத் தடவுவார். இன்று கை காதுப் பக்கமே போகவில்லை. இந்த வயதில் ஒரு மனுஷன் புதிதாக ஒரு முகத்தைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பிப்ரவரி 24, திங்கள்

மூன்று லோடுக்குச் சொல்லிவிட்டேன்.

மகன் கேட்டான்: “எதுக்குப்பா இப்ப?”

“எதிர்க்கடை எடுத்திருக்காரு.”

“அவரு எடுத்தா?”

“அவரு ஒரு முழக் கயிறு வெட்டுறதுக்கே மூணு தடவ யோசிக்கிற ஆளு. சும்மா எடுப்பாரா?”

போனில் ஏதோ படத்தைக் காட்டி மழை ஜூனில்தான் என்றான். போனைப் பார்த்து வியாபாரம் செய்கிற தலைமுறை. நான் எதிர்க்கடையைப் பார்த்து வியாபாரம் செய்தவன். அவர் பெயர்ப்பலகைக்கு விளக்குப் போட்டார், நான் போட்டேன். நான் அடுக்கை இரும்பில் மாற்றினேன், அவர் மாற்றினார். ஞாயிறு விடுமுறையே அப்படி வந்ததுதான். அவர் ஒரு ஞாயிறு மூடினார், ஏதோ காரணம் இருக்கும் என்று நானும் மூடினேன். அவருக்கு அன்று பல்வலி என்பது ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் இரண்டு குடும்பத்துக்கும் ஞாயிறு பழகிவிட்டிருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

என் லோடு மூன்றும் வந்துவிட்டது. அவர் கடை வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். “என்னய்யா, கப்பல் ஏதாவது மூடப் போறியா?” என்று தெருவே கேட்கக் கத்தினார். சுமை இறக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

அவர் படிக்கட்டில் இருக்கிற கட்டுகளுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு கேட்கிறார்! தைரியம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

ஆற்றில் தண்ணீர் குறைவு. சேறு தெரிகிற இடத்தில் பறவைகள் நின்றன. துடுப்புப் போடுகிற கல்லூரிப் பிள்ளைகள் வரவில்லை.

திரும்பும்போது இரும்புப் பாலத்தில் ஏறாமல் நேரே போனார். “எங்கய்யா?” என்றேன். “வீட்டுக்கு” என்றார். நேரே போனால் கல் பாலம், அக்கரைக்குப் போகும். அக்கரையில் என்ன இருக்கிறது? பழைய ஆலைக் கட்டடங்கள்தான், கிடங்காக வாடகைக்கு விடுகிறார்கள். ஓஹோ என்று நினைத்துக்கொண்டேன். புதுக் கிடங்கு பிடித்திருக்கிறார், மறைக்க மறந்து அந்தப் பக்கம் கால் போய்விட்டது. கூடவே போனேன். பாலத்தின் நடுவில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “உன்னச் சோதிச்சேன்” என்றார்.

இடது காதைத் தடவினார்.

இது ஏன் இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது? பாலத்தில் நின்றபோது காதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கிடங்கைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

பதினொரு மணிக்கு எதிர்க்கடைக்காரரின் மகள் என் கடைக்குள் வந்தாள். அவர்கள் வீட்டு ஆள் யாரும் இந்தப் படியை மிதித்ததில்லை. இரண்டு குழந்தைக்குத் தாய், அப்பா கடையில் ஏழு வருஷமாகச் சரக்குப் பார்க்கிறாள். மகன் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

“மாமா, அப்பா உங்ககிட்ட எதாச்சும் சொன்னாரா?”

“எதப் பத்திம்மா?”

“பாய் எடுத்ததப் பத்தி. நீங்களும் மூணு லோடு எடுத்திருக்கீங்களே.”

நான் பிடி கொடுக்காமல், “ஏன், என்ன விஷயம்?” என்றேன். பழக்க தோஷம்.

அவள் நேராகவே சொல்லிவிட்டாள். ஒரே ஆர்டரை மூன்று தடவை போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை சொன்னது இரண்டாவது தடவை நினைவில்லை. இரண்டும் மூன்றாவது தடவை நினைவில்லை. “எனக்கு ஜனவரியிலயே சந்தேகம் மாமா. டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருந்தேன். அப்பதான் நீங்க மூணு லோடு எறக்கினீங்க. சரி, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, வெளில ஏதோ நடக்குது, ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்.”



“அவரு எடுத்தாருன்னுதான்மா நான் எடுத்தேன்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு நன்றாகச் சிரித்தாள், பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்தாள். மகன் என்னைப் பார்க்காமல் கயிற்று உருளையைப் பார்த்தான். சொல்லிக்காட்ட நல்ல சந்தர்ப்பம்; சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. அவள் படியிறங்கிப் போனதும் எனக்கு வந்த முதல் நினைப்பு: அவருடைய பெரிய கிராக்கியான லாரிக்காரர் சங்கம் இனி என் பக்கம் வந்துவிடும். ஒரு நிமிஷம் அது இனிக்கவும் செய்தது. அப்புறம்தான் மற்றது வந்தது. அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தெரிந்துகொண்டு நடந்தேன். தெரிந்த பிறகு எல்லாமே தெரிகிறது. தூண்டில்காரனிடம் போன வாரம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார், அவன் அதே பதிலைச் சொன்னான், அவர் அதே மாதிரி ஆச்சரியப்பட்டார். காபிக்காரியை இரண்டு தடவை கூப்பிட்டு ஒரே வேடிக்கையைச் சொன்னார். அவள் இரண்டு தடவையும் சிரித்தாள். நல்ல வியாபாரி.

மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறார். என்னைவிட வேகமாகப் படி ஏறுகிறார்.

மார்ச் 21, வெள்ளி

டாக்டரிடம் போய் வந்தார்களாம். மகள் போன் செய்தாள். வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, குணம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும், வருஷங்கள் ஆகலாம். கல்லாவில் மட்டும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம்.

“ஏம்மா? நாலு பேரப் பாத்துக்கிட்டு, பேசிக்கிட்டு இருந்தா நல்லதுதான?”

அப்போதுதான் அவள் கயிறு விஷயத்தைச் சொன்னாள். பிப்ரவரியில் ஒரு கட்டட மேஸ்திரி பாரம் தூக்கக் கயிறு கேட்டிருக்கிறார். இவர் மூட்டை கட்டுகிற கயிற்றை வெட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டாம் மாடி உயரத்தில் அறுந்தது. கீழே ஆள் இல்லை. சாப்பாட்டு வேளை.

பாய் கிழிந்தால் சரக்கு நனையும். கயிறு அப்படியில்லை. எங்கள் தொழிலில் கேட்டவனிடம் முதலில் ‘எதைத் தூக்க, எதைக் கட்ட?’ என்று கேட்காமல் கத்தியை எடுக்கக் கூடாது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நேராக இல்லை, அவர் கடையில் அவர் கேட்பதைத் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுத்தான் பழகினேன். கடை போடுவதற்கு முன்பு, அந்தத் தெருவில் நான் சுமை தூக்கிய காலம் அது.

“நான் சொன்னா கத்துறாரு மாமா. நீங்க சொல்லுங்க.”

“போட்டிக்காரன் சொன்னா கேப்பாரா?”

“வீட்ல பொழுதன்னைக்கும் உங்க பேச்சுதான். அவன் எத்தன மணிக்குத் தொறந்தான், அவன் என்ன அடுக்கினான்னு. எங்கம்மா பேர அவ்ளோ தடவ சொன்னதில்ல.”

மார்ச் 23, ஞாயிறு

சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மகா மோசமாகச் சொன்னேன்.

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண் நாயைக் குளிப்பாட்டிவிட்டுத் துவட்டிக்கொண்டிருந்தாள். பேரம் பேசுகிற மாதிரி சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். வயசாகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் தலையெடுக்கட்டும். அவர் ஒத்துக்கொண்டே வந்தார். பிறகு, “அதனால நீ கல்லாவுல உக்காராத” என்றேன்.

நிமிர்ந்தார். அந்தப் பழைய கண். வியாதியாவது ஒன்றாவது.

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. நான் பாக்குறேன்ல?”

“முப்பத்தெட்டு வருஷமா இதுக்குத்தானய்யா பாத்துக்கிட்டு இருக்க! என்னைய எறக்கிட்டு ரெண்டு பக்கமும் உன் பலகைய மாட்டணும். வாரா வாரம் கூட நடக்குறான், காபி வாங்கிக் குடுக்குறான், எதுக்குன்னு இப்பத் தெரியுது.”

“காபி நீதான்யா வாங்குவ.”

“பேசாத!”

நாய் குரைத்தது. அவர் எழுந்து போய்விட்டார். முப்பதடி பின்னால் நானும் போனேன், இரும்புப் பாலத்தில் ஏறுகிறாரா என்று பார்க்க. ஏறினார். கோபத்தில் வழி சரியாகத் தெரிந்தது.

அவர் சொன்னதில் பொய் எவ்வளவு? மார்ச் 13-ஐத் திருப்பிப் படித்தேன். முழுப் பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வரவில்லை. தனியாக நடந்தேன். முப்பத்தெட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வரவில்லை. தூண்டில்காரன், “உங்க கூட்டாளி எங்க?” என்றான். கூட்டாளி இல்லை, எதிர்க்கடை என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தார். “என்னய்யா, ரெண்டு வாரமா ஆளக் காணோம்? நான் வந்து வந்து பாத்துட்டுப் போறேன்” என்றார்.

வந்திருக்கவில்லை. வீட்டில்தான் இருந்திருக்கிறார், மகள் சொன்னாள். ஆனால் முகத்தில் பொய் இல்லை, கை காதுக்குப் போகவில்லை. நான் பேசியது, அவர் கத்தியது, நாய், எதுவும் அவரிடம் இல்லை. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

“முழங்கால் வலி” என்றேன்.

“உடம்பப் பாத்துக்க. வயசாகுதுல்ல?” என்றார்.

மறுபடி சொன்னால் மறுபடி கத்துவார், மறுபடி மறப்பார். எத்தனை தடவை வேண்டுமானாலும். இதைப் பேசிச் செய்ய முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “இதுக்கு இவ்ளோ யோசனையா? அவரு என்னிக்காவது நீங்க செய்யாதத செஞ்சிருக்காரா? நீங்க கல்லாவுலேருந்து எறங்கினா அவரும் எறங்கிடுவாரு.”

“நானா? நான் எதுக்குடி எறங்கணும்?”

“நான் எறங்கச் சொல்லலங்க. கேட்டீங்க, சொன்னேன்.”

“எறங்கிட்டேன்னு சும்மா சொன்னாப் போதாதா?”

“நடுவுல இருபதடி. காலையில ஷட்டரத் தூக்குனதும் அவரு பாக்குறது உங்க மூஞ்சியத்தான். எத மறந்தாலும் அத மறப்பாரா?”

அவள் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நடந்தோம்.

எனக்கு என்ன மறந்துபோச்சு? ஒண்ணும் மறக்கல. எந்த உருளையில எத்தன மீட்டர் மிச்சம்னு இப்பவும் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். முதுகுல கட்டு சுமந்து, அந்தக் கல்லாவுக்கு ஒரு நாற்காலி வாங்கவே பதினோரு வருஷம் ஆச்சு. வியாதி அவருக்கு, வெளியேறுறது நானா? என்ன நியாயம்? — மகனுக்கு முப்பத்தாறு. ஒன்பது வருஷமா நின்னுக்கிட்டே இருக்கான். அவன் ஒரு தடவகூட நாற்காலியக் கேட்டதில்ல. அது வேற விஷயம். வேற விஷயமா?

மே 2, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் மூன்று மணி. எதிர்க்கடை மகள் கோடை வகுப்பிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரப் போயிருந்தாள். இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள், இடுப்பில் பெல்ட், தலைக்கவசம். உயரக் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கிறவர்கள். ஆள் தொங்குகிற கயிறு வேண்டும் அவர்களுக்கு. அவர் எழுந்து போய் வெள்ளை உருளையை இழுத்தார். என் இடத்திலிருந்தே தெரிந்தது, அது கொடிக்கயிறு. துணி காயப்போடுகிறது.

எப்படித் தெருவைத் தாண்டினேன் என்று தெரியாது. ஒரு சைக்கிள்காரன் திட்டினான். அந்தக் கடைக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தேன். அந்த ஆள் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினேன். “இது ஆளத் தாங்காது” என்றேன்.

எதிர்க்கடைக்காரர் கையில் கத்தியோடு நின்றார். கயிறு வெட்டுகிற கத்தி. “எங் கடைக்குள்ளயே வந்து எங் கிராக்கிய இழுக்குறியா?” என்றார். வந்தவர்கள் இரண்டு பேரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள், இரண்டு கிழவர்களுக்கு என்ன சண்டை என்று.

அவருடைய அடுக்கில் மூன்றாவது வரிசையில் சரியான கயிறு இருந்தது. நானே எடுத்து, நானே அளந்து, அவர் கல்லாவிலேயே பணத்தைப் போடச் சொன்னேன். என் கடையிலும் அதே கயிறு இருக்கிறது, அங்கே கூப்பிடவில்லை. அவர் அதைக் கவனித்தாரா, தெரியவில்லை. வெள்ளை உருளையைத் தடவிக்கொண்டே நின்றார். “இது எது?” என்றார், என்னிடம் இல்லை, உருளையிடம்.

மே 3, சனி

மகனிடம் சொன்னேன். திங்கள்கிழமையிலிருந்து நீ உட்கார் என்று. எத்தனை நாளைக்கு என்று கேட்டான். நாள் கணக்கு இல்லை என்றேன். “எதிர்க்கடை மாமாவுக்காகவா?” என்றான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “உனக்கும்தான்” என்றேன். அவன் திரும்பிக்கொண்டு ஏதோ உருளையைச் சரி செய்தான். அந்த உருளை சரியாகத்தான் இருந்தது.

மே 4, ஞாயிறு

வெயில் ஏறும் முன்பே போய்விட்டோம். படகுக்காரர்கள் படகைக் கவிழ்த்துப்போட்டு அடியில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏற்றும் நிலையம் வரை சும்மா வந்து, திரும்புகிற இடத்தில் சொன்னேன்.

“நான் எறங்கிட்டேன்யா.”

“எங்கேருந்து?”

“கல்லாவுலேருந்து. நாளைக்கு மகன் உக்காருறான்.”

நின்றுவிட்டார். “ஏமாத்துற.”

“வந்து பாரு.”

“என்ன தந்திரம் இது? வேற எடத்துல பெருசா எதாச்சும் தொறக்கப் போறியா?”

“இல்ல. அலுத்துப்போச்சு.”

அவர் வெகுநேரம் என் முகத்தைப் படித்தார். நான் பொய் சொன்னால் எதைத் தடவுவேன் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதனால் கைகள் இரண்டையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மே 5, திங்கள்

காலை எட்டு மணி. வீட்டில் இருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷத்தில் காய்ச்சல் இல்லாமல் திங்கள்கிழமை எட்டு மணிக்கு வீட்டில் இருப்பது இதுவே முதல். மனைவி நாற்காலியை நகர்த்தச் சொன்னாள், பெருக்க வேண்டுமாம். நகர்ந்தேன். அங்கேயும் பெருக்க வேண்டுமாம்.

மதியம் மகன் போன். எதிர்க்கடைக்காரர் பதினொரு மணி வரைக்கும் வாசலில் நின்று எங்கள் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மே 6, செவ்வாய்

இன்றும் பார்த்தாராம். தெருவைத் தாண்டி வந்து, “அப்பா எங்க?” என்று கேட்டாராம். ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறார் என்று மகன் சொன்னானாம். “இன்னிக்கு என்ன கிழமை?” “செவ்வாய் மாமா.” தெருவைத் தாண்டித் திரும்பிப் போய்விட்டாராம்.

உண்மையில் நான் வீட்டில்தான் இருந்தேன். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டேன். “வீட்ல முடங்கிக் கெடக்கீங்கன்னு சொல்றதவிட நடக்கப் போயிருக்கீங்கன்னு சொல்றது நல்லாருந்துச்சு” என்றான். பையனுக்குக் கொஞ்சம் வியாபாரம் வருகிறது.

மே 7, புதன்

அவன் பொய்யை உண்மையாக்கப் போய் நடந்தேன். ஒன்பதரைக்கு. யாரும் வரவில்லை.

மே 8, வியாழன்

நடந்தேன். வரவில்லை.

மே 9, வெள்ளி

பாலத்தடிப் படியில் உட்கார்ந்திருந்தேன், மேலே செருப்புச் சத்தம். மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறார். என்னைப் பார்த்ததும் அவள் கையை உதறினார்.

“என்னய்யா, கடை நேரத்துல இங்க வந்து உக்காந்திருக்க?”

“நீயும்தான் வந்திருக்க.”

“எதிர்ல உம் பையன் உக்காந்திருக்கான். மரியாதையா வணக்கம் சொல்றான். அவன்கூட எல்லாம் என்னத்தப் போட்டி போடுறது?” மகள் பக்கம் திரும்பி, “நீயே போய் உக்காரு. ரெண்டும் சின்னப் புள்ளைங்க, அடிச்சுக்கங்க” என்றார்.

அவள் படியிலேயே நின்றாள். போ என்று நான் கண் காட்டினேன். போனாள், கடைசிப் படி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மே 26, திங்கள்

மகன் ராத்திரிச் சாப்பாட்டில் புலம்பினான். “அந்தக்கா இன்னிக்கு ஏழு மணிக்கே தொறந்துட்டாங்கப்பா.”

“நீ என்ன பண்ணப் போற?”

“நாளைக்கு ஆறே முக்கால்.”



ஜூன் 17, செவ்வாய்

காலை பத்தரை, ஆற்றங்கரை. தண்ணீர் ஏறியிருக்கிறது, கலங்கல். வாரநாளில் இங்கே வருகிறவர்கள் வேறு ஜனங்கள். இரவு வேலை முடித்த நர்சுகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற அப்பா ஒருத்தர், பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண். எல்லோரும் எங்களுக்கு இப்போது தெரிந்தவர்கள். அவருக்கு மட்டும் தினமும் புதியவர்கள்.

காபியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் அவராகவே சொன்னார்:

“எனக்கு ஒரு எதிர்க்கடைக்காரன் இருந்தான். தெரியுமா உனக்கு?”

“சொல்லு.”

“பெரிய கெட்டிக்காரன். நான் தும்முனா அவனும் தும்முவான். ஒரு வருஷம் நான் சரக்கு எடுத்தேன்னு, எதுக்கு ஏன்னு தெரியாம அவனும் மூணு லோடு எடுத்தான்.” விழுந்து விழுந்து சிரித்தார். காபி சிந்தியது. இது எப்படி நினைவிருக்கிறது அவருக்கு?

“இப்ப எங்க அவன்?”

“எறங்கிட்டான். திடீர்னு. அப்புறம் எனக்கும் அங்க உக்காரப் பிடிக்கல.”

“எப்படி ஆளு? நம்பலாமா?”

“சேச்சே, அவனயா?” என்றார். நாலைந்து அடி நடந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தெருவில் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்கிற மாதிரி, “ஆனா ஒண்ணு சொல்றேன். கயிறு வாங்குறதா இருந்தா அவன்கிட்டப் போ. கேக்காம வெட்ட மாட்டான்” என்றார்.

முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் இப்படி அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும்.

சரி, போகிறேன் என்றேன். என் கடை விலாசத்தை எனக்குப் பொறுமையாக, வழி தப்பாமல் சொன்னார்.